உதவிச் சங்க ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் போதகர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் கர்த்தருக்குள் அன்பின் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடியது. பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பங்கைச் சபைக் கமிட்டி நமக்குத் தந்தது. கிறிஸ்துமஸுக்கு அரிசியும் துணியும் வழக்கம்போல் கொடுக்கப்பட்டன.

இந்த வருடம் புதிதாகச் செய்தது மழைக்கால உதவி. அதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசியதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் சங்கத்துக்குப் பணம் வருவது டிசம்பரில். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் அடுப்பு அணைவது ஜூன், ஜூலையில். ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால்வெட்டு கிடையாது. சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் வெட்டிய பாலும் வீண். மழைக்கு மறைப்பு ஒட்டாத தோட்டத்தில் நாள்கூலிக்கு வெட்டுகிறவருக்கு அன்றைக்கு வருமானம் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. கடற்கரைப் பக்கம் பார்த்தால், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாள்களில் வீடுவீடாக மீன் கொண்டுவரும் அம்மாக்களுக்கும் வரவு குறைந்துவிடும். இதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. ஆடி மாத மழைக்காலத்து வறுமையைப் பழையவர்கள் கர்க்கடகப் பஞ்சம் என்று சொன்னது இன்னும் சில வீடுகளில் தீரவில்லை.

அதனால் போன ஜூலையில், கையில் இருந்ததை வைத்து, கஷ்டப்படும் வீடுகளின் பலசரக்குக் கடைப் பற்றை அடைத்தோம். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போனால் தெருவே பார்க்கும். பற்று அடைந்துவிட்டால் அந்த வீட்டு அம்மா மறுநாள் தலை நிமிர்ந்து கடைக்குப் போய் வேண்டியதை வாங்கலாம். கடைக்கார அண்ணன் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. விஷயத்தைச் சொன்னதும் தன் பங்குக்குப் பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்தார். மேடை போடவில்லை, போட்டோ எடுக்கவில்லை, யார் வீடு என்று இந்த அறிக்கையிலும் எழுதவில்லை. வலது கை செய்வதை இடது கை அறிய வேண்டாம் என்று நம் ஆண்டவர் சொன்னதை ஒருமுறையாவது அப்படியே செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த வீடுகளில் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை செய்யும் இரண்டு சகோதரிகளின் வீடும் உண்டு. அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். "நம்ம சபைக்காரருக்கே பத்தல, வெளியே எதுக்கு?" என்று குழுவில் கேள்வி வந்தது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன இங்கிலாந்து டாக்டர் சாமர்வெல், அது முடிந்து நம் பக்கம் வந்தபோது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டு இங்கே வந்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் எல்லா மதத்தாரும் எல்லாச் சாதியாரும் இருந்தார்கள். நம் தாத்தா பாட்டிமார் அந்த ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கியவர்கள்தானே. குழுவில் அன்று நான் சொன்ன இந்தப் பதிலையே இங்கும் சொல்கிறேன்.

இனி சந்தா. மாதம் 100 ரூபாய் என்று நாமே கைதூக்கித் தீர்மானித்தது. ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. கேட்டால், "டிசம்பர்ல மொத்தமா தந்துடுறேன்" என்கிறார்கள். தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஜூலையில் கடைக்காரரிடம் டிசம்பரைக் காட்ட முடியாதே. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதும்போது, வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கவேண்டும், நான் வரும்போது பணம் சேர்க்கிற வேலை இருக்கக்கூடாது என்கிறார். எருசலேமில் இருந்த ஏழைகளுக்கான பணம் அது. அந்தியோகியா சபையாரும் பஞ்சம் வரப்போகிறது என்று கேட்டவுடனேயே யூதேயாவுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். நமக்கு மழை எந்த மாதம் வரும் என்று தீர்க்கதரிசி வந்து சொல்ல வேண்டியதில்லை.

நன்கொடையாளர் பெயர்களை ஆராதனையில் வாசிப்பதை நிறுத்தியதில் சிலருக்கு வருத்தம். சிலர் அதன்பின் கூட்டத்துக்கே வரவில்லை. அது குழு எடுத்த முடிவு, நானும் முழு மனதோடு நின்றேன். ரசீது எல்லோருக்கும் உண்டு, பதிவேடு திறந்தே இருக்கிறது. வளைகுடாவில் வேலை செய்யும் தம்பிமார் சிலர் மாதம் தவறாமல் அனுப்புகிறார்கள். அவர்கள் பெயரை யாரும் ஒருநாளும் வாசித்ததில்லை. பெண்கள் ஐக்கியம் மறுபடி தொடங்கிய கைப்பிடி அரிசியும் அப்படித்தான். முதியோர் உதவித்தொகையில் வாழும் ஒரு அம்மச்சி உலையில் போடுமுன் எடுத்து வைத்த அரிசியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து தருகிறார். வசதியுள்ள வீடுகளில் கைப்பிடி அரிசி போட்டு வைக்கும் பானையே இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவு போன வருடத்தைவிடச் சற்றுக் குறைவு, செலவு கூடுதல், இருப்பு கொஞ்சம் உண்டு. தணிக்கை செய்த சகோதரருக்கு நன்றி. ஜெபத்தாலும் ஆலோசனையாலும் தாங்கிய போதகர் ஐயாவுக்கும், சபைக் கமிட்டிக்கும், பெண்கள் ஐக்கியத்துக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், இன்றைய தேநீருக்குப் பொறுப்பெடுத்த குடும்பத்துக்கும் நன்றி.

வரும் வருடம் பற்றி மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். செயலர் பொறுப்பை வேறு யார் எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். மழைக்கால உதவி மட்டும் நின்றுவிடக் கூடாது. இப்போதுள்ள இருப்பில் ஜூன் மாதத்தைச் சமாளிக்கலாம், ஜூலைக்குப் போதாது. பழைய பாக்கி வைத்திருப்பவர்கள் மொத்தத்தையும் ஒரே நாளில் கட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. மே மாதச் சந்தாவை மட்டும் மே மாதத்திலேயே கட்டுங்கள், அப்புறம் ஜூனுக்கு ஜூனில். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே இருக்கிறார். கைப்பிடி அரிசிக்குப் பானை வேண்டுகிறவர்கள் பெண்கள் ஐக்கியச் செயலரிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலர்