கண்ணில் பிழிந்த ஆரஞ்சுத் தோல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. "எலுமிச்சை ஸ்கோன் சுட்டேன், அதில் ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். தேநீரோடு சாப்பிடும், பொலபொலவென்று உதிர வேண்டிய சின்ன வட்ட ரொட்டி கதவுக்கு முட்டாகிவிட்டதே! சிரித்து முடித்ததும், இவனுக்குப் புத்தி சொல்வதற்கு முன் நாமும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அந்த ஒரு தடவை நான்கு தடவையாகிவிட்டது. ஆக, பதில் தாமதம்தான், ஆனால் பட்டறிந்து எழுதுவது. இடது கைப் பெருவிரலில் ஓவன் தட்டு வைத்த சூடு சாட்சி.

முதலில் வீட்டுச் செய்தி. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மகள் வேறு வீட்டுக்குக் குடிபோனபோது தன் பழைய ஓவனை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். என் மனைவி அதைப் பாத்திரம் வைக்கும் அலமாரியாக்கியிருந்தாள். நான் பாத்திரங்களை வெளியே எடுத்த அன்று எங்களுக்குள் நடந்த பேச்சை எழுதினால் இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை போதாது. முடிவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை சமையலறை எனக்கு. ஐந்து மணிக்குள் மேடையைத் துடைத்து ஒப்படைக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு மதிய இடைவேளையில் நீ ஆரஞ்சுத் தோலை மடித்து என் கண்ணுக்கு நேரே அழுத்தினாயே, நினைவிருக்கிறதா? கண்ணீர் வழிய உன்னை மைதானம் முழுக்கத் துரத்தினேன். நீ என் கண்ணில் பிழிந்தது சாறு என்றுதான் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். சாறே இல்லையாம், எண்ணெய். ஆரஞ்சையோ எலுமிச்சையையோ வெளிச்சத்தில் உற்றுப் பார். தோலில் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சின்ன எண்ணெய்ப் பை. மடித்து அழுத்தினால் பை உடைந்து பீய்ச்சி அடிக்கிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். எலுமிச்சையிலும் அதுவே அதிகம். ஆனால் அதனுடன் சிட்ரால் என்ற இன்னொன்று சேர்வதால்தான் எலுமிச்சை எலுமிச்சையாக மணக்கிறது. மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் தோலைப் பிழிந்தால் பொறி பறக்கும். செய்து பார், ஆனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். உன் கைராசி எனக்குத் தெரியும்.

நீ செய்த தவறு இங்கேதான் இருக்கிறது. நானும் முதல் தடவை அதையே செய்தேன். எலுமிச்சை மணக்க வேண்டும் என்றால் எலுமிச்சையைப் பிழிவதுதானே யாருக்கும் தோன்றும்? மூன்று பழத்தைப் பிழிந்து மாவில் ஊற்றினேன். சாறு என்பது பெரும்பாலும் தண்ணீர். மீதி சிட்ரிக் அமிலமும் கொஞ்சம் சர்க்கரையும். அதில் புளிப்பு உண்டு, வாசனை மிகவும் சொற்பம். அந்தப் புளிப்பும் சும்மா இருக்கவில்லை. சமையல் சோடாவைக் கண்டதும் மேசை மேலேயே நுரைத்துப் பொங்கி, ஓவனுக்குள் போய்த் தூக்கிவிட வேண்டிய வாயுவையெல்லாம் அங்கேயே காலி செய்துவிட்டது. போதாக்குறைக்கு, புளிப்பு மிகுந்த மாவு எளிதில் சிவக்காது. வெளுத்து, தட்டையாக, நோயாளி முகம் போல வெளியே வந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

இரண்டாம் ஞாயிறு ஞானோதயம் வந்து தோலைத் துருவினேன். ஆர்வக்கோளாறில் அடி வரைக்கும் துருவிவிட்டேன். நிறமுள்ள மேல்தோலுக்குக் கீழே பஞ்சு போல வெள்ளையாக ஒன்று இருக்கிறதல்லவா, அது கசப்பின் குடியிருப்பு. தேநீரோடு சாப்பிடுகையில் மருந்து குடித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒரே இடத்தில் ஒரு இழுப்பு, வெள்ளை தெரிந்தால் பழத்தைத் திருப்பிவிட வேண்டும். துருவியின் கண்கள் எவ்வளவு பொடியோ அவ்வளவு நல்லது. பழம் முழுதாக இருக்கும்போதே துருவு. பிழிந்த பழத்தைத் துருவுவது காற்றுப் போன பந்தை உதைப்பது போல.

இனி சொல்வது முக்கியம், அடிக்கோடு போட்டுக்கொள். துருவிய தோலை நேராக மாவில் போடாதே. சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் தேய். சர்க்கரையின் கூரான படிகங்கள் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பைகளையும் கிழித்து எண்ணெயைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் சர்க்கரை ஈர மணல் போலாகி, இளமஞ்சள் நிறம் ஏறி, அந்த ஏழாம் வகுப்பு மதியம் அப்படியே மூக்கில் ஏறும். அடுத்த அறையில் இருந்த மனைவி, "என்ன வாசனை?" என்று எழுந்து வந்தாள். நான்கு ஞாயிறுகளில் அவள் தானாக எழுந்து வந்தது அந்த ஒருமுறைதான்.

நான் முந்திக்கொண்டு நான்காம் தடவைக்குப் போய்விட்டேன். மூன்றாம் தடவை என்ன ஆனது என்றால், வாசனை சரியாக இருந்தது, கடிக்கத்தான் முடியவில்லை. உன் கதவு முட்டின் தம்பி. காரணம் என் கைகள். எதையும் தொட்டால் அது பளபளவென்று வழவழப்பாகும் வரை விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியுமே. பள்ளியில் களிமண் யானையைத் தேய்த்துத் தேய்த்துத் தும்பிக்கை இல்லாமல் செய்தவன் நான். ஸ்கோன் மாவு அதற்குச் சரிப்படாது. மைதாவில் உள்ள புரதம் ஈரம் பட்டுப் பிசையப் பிசைய ரப்பர் வலை போல இறுகும். ரொட்டிக்கு அது வேண்டும். ஸ்கோனுக்கு அதுவே எமன். மாவு ஒட்டியும் ஒட்டாமலும், பார்ப்பதற்கு அரைகுறையாக இருக்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நான்காம் தடவை கரண்டியால் கலக்கியதும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டேன்.

வெண்ணெய் விஷயமும் கைச்சூட்டோடு சம்பந்தப்பட்டதுதான். வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மாவுக்குள் சின்னச் சின்னத் துணுக்காக அது உருகாமல் இருந்தால், ஓவனில் அந்தத் தண்ணீர் ஆவியாகி இடம் பண்ணிக்கொண்டு மேலே எழும்பும். அதனால்தான் உள்ளே அடுக்கடுக்காக உதிர்கிறது. உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும் பொருளை விரலால் ஐந்து நிமிடம் பிசைந்தால் என்ன மிஞ்சும்? உறையவைத்த வெண்ணெயைத் துருவியில் துருவி மாவில் தூவிவிடு. தோல் துருவும் பொடிக் கண் துருவி இல்லை, பெரிய கண் உள்ளது. நான் ஒருமுறை மாற்றி எடுத்துவிட்டேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அளவு கேட்டிருந்தாய். 250 கிராம் மைதா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. 50 கிராம் சர்க்கரையில் ஒரு பெரிய ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் கொடுக்கும் தோல் துருவலைத் தேய்த்துச் சேர். வெண்ணெய் 75 கிராம். 100 மில்லி பாலில் ஒன்றரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் திரிதிரியாகும். அது போதும், சாறுக்கு இதில் அவ்வளவுதான் வேலை. அதில் ஒரு முட்டையை அடித்துக்கொண்டு, ஒரு கரண்டி அளவை மிச்சம் வைத்துவிட்டு மாவில் ஊற்று. மாவு கேட்டால் மட்டும் மிச்சத்தைக் கொடு. இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தட்டி, வட்ட அச்சால் நேராக அழுத்தி வெட்டு. அச்சைத் திருகாதே, ஓரம் நசுங்கி ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். எட்டு வரும். நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து மேல்நோக்கி வளரும். 210 டிகிரியில், ஓவன் நன்றாகச் சூடான பிறகு, பதினான்கு முதல் பதினாறு நிமிடம். குமிழில் எழுதியிருக்கும் டிகிரியை அப்படியே நம்பாதே. மகள் கொடுத்த ஓவன் இருபது டிகிரி பொய் சொல்கிறது. வெப்பமானி வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஆறிய பிறகு பொடித்த சர்க்கரையில் கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு விட்டுக் குழைத்து மேலே ஊற்றலாம். சாறை வீணாக்க மனம் வராதவர்களுக்கு இது வழி. சூட்டோடு ஊற்றினால் வழிந்து தட்டுக்குப் போய்விடும்.

பேக்கிங் பவுடர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆல்ஃபிரட் பேர்ட் என்று பர்மிங்காமில் ஒரு மருந்து வேதியியலாளர் இருந்தார். மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்பதால், ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப 1843-இல் ஒரு பேக்கிங் பவுடர் கலவையை உருவாக்கினார். அதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் ஸ்கோன் உண்டு. ஆனால் அது ஓட்ஸ் மாவை வட்டமாகத் தட்டிக் கல்லில் போட்டு வாட்டிய தட்டை ரொட்டி. இன்று நாம் பார்க்கும் உப்பலான உருவம் பிறகு வந்தது. இதை மனைவியிடம் சொன்னேன். "அவர் மனைவிக்காகக் கண்டுபிடித்தார், நீங்கள் யாருக்காக என் பாத்திரங்களை வெளியே எடுத்தீர்கள்?" என்றாள். பதில் தெரிந்தால் எழுது.

அதன் பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் கேட்டிருந்தாய். ஸ்கோனா, ஸ்கானா என்று பிரிட்டனிலேயே இன்னும் சண்டை தீரவில்லை. டெவன் பக்கத்தில் கிரீமைத் தடவி அதன்மேல் ஜாம் வைப்பார்கள், கார்ன்வாலில் ஜாம் முதலில். ஆரஞ்சு மணக்கும் ஸ்கோனுக்கு இரண்டும் அதிகப்படி என்பது என் கட்சி. வெறும் வெண்ணெய் போதும். அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய வாசனையை ஸ்ட்ராபெரி ஜாமில் முக்குவானேன்?

கடிதத்தின் கடைசியில் பெரிய விஷயம் இல்லை என்பது போல ஒரு வரி எழுதியிருந்தாய்: "எட்டு சுட்டால் ஆறு வீணாகிறது, சாப்பிட ஆள் இல்லை." அந்த வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். மகன் போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாததால் தெரிந்ததைச் சொல்கிறேன். வெட்டிய மாவு வட்டங்களைச் சுடாமல் அப்படியே தட்டில் வைத்து உறையவிடு. கல்லாக ஆனதும் ஒரு பையில் போட்டுக் கட்டி உறைபெட்டியில் வை. வேண்டியபோது இரண்டை மட்டும் எடுத்து, இளக விடாமல் நேராக ஓவனில் வை. நான்கைந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். உண்மையில் சில்லென்று உள்ளே போனது இன்னும் நிமிர்ந்து எழுகிறது. சுட்டு மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைக்காதே, மாவுப்பொருள் இறுகிச் சீக்கிரம் வறண்டுபோகும். மூடிய டப்பாவில் வைத்து மறுநாள் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் சுடவைத்தால் உயிர் வந்துவிடும்.

இரண்டை மட்டும் எடு என்றேன், ஒன்றை என்று சொல்லவில்லை. மாலையில் சதுரங்கம் ஆட வருவதாக எழுதியிருந்தாயே எதிர்வீட்டுக்காரர், அவருக்கு ஒன்று வை. வாய் நிறைந்திருந்தால் உன் தவறான நகர்த்தலைப் பார்த்து அவர் சிரிக்க மாட்டார்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வருவதாக இருந்தால் மூன்று நாள் முன்னாடியே சொல். மறுநாள் மூன்று மணி ஆட்டத்துக்கு உன்னையும் சேர்த்துக்கொள்ளலாம், மனைவியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வரும்போது நாலு ஆரஞ்சு கொண்டு வா. தோல் கெட்டியாக, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். வழியில் பசித்தால் வேறு எதையாவது தின்னு, அதில் கை வைக்காதே. என் கண்ணிலிருந்து இரண்டடி தள்ளி நின்றே அவற்றை என்னிடம் கொடு.

உன்
களிமண் யானை

பி.கு: பழங்கள் வாடாமலும் பளபளப்பாகவும் இருக்க மேலே மெழுகு பூசி விற்பது உண்டு. துருவுவதற்கு முன் சுடுநீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துவிடு. ஈரமாக இருந்தால் துருவியில் வழுக்கி விரல் போகும். இதுவும் அனுபவம்தான்.