கண்காணிப்பாளர் ஐயாவுக்கு: ஒரு பெரிய பட்டை வாங்கி வையுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயாவுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை பிரஷர் பார்க்கும் இடத்தில் நான் போட்ட சத்தம் உங்கள் அறை வரை கேட்டிருக்கும். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சொன்ன விஷயத்துக்கு இல்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓபியில் பிரஷர் பார்க்க மேல்கையில் சுற்றும் பட்டை ஒரே அளவில்தான் இருக்கிறது. அது என் கையில் நிற்காது. காற்று ஏற ஏற டர்ரென்று பிரிந்துவிடும். போன மாதம் சிஸ்டர் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பார்த்து, 152/96 என்று சீட்டில் எழுதினார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நான்காம் நாள் ஊக்கு கட்டிக்கொண்டிருந்தவள் தலை சுற்றித் தையல் மெஷின் மேலேயே சாய்ந்தேன். பக்கத்துத் தெரு கிளினிக்கில் பெரிய பட்டை இருந்தது. அதில் பார்த்தால் 104/66.

இதைச் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை வந்தேன். மறுபடி அதே பட்டை, அதே டர்ர். "இது கையா, தொடையாம்மா?" என்றார் சிஸ்டர். வரிசையே சிரித்தது.

முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறவள் நான். பையில் எப்போதும் இஞ்ச் டேப் இருக்கும். அங்கேயே அளந்தேன். என் மேல்கை 41 செ.மீ. பட்டையில் அச்சிட்டிருப்பது 22–32 செ.மீ. 32க்கு வெட்டிய ரவிக்கைக் கையை 41க்கு மாட்டிவிட்டு, "துணி சரிதான், உங்கள் கைதான் தப்பு" என்று நான் சொன்னால் என் கடைக்கு யார் வருவார்கள்?

சின்னப் பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது. 2023இல் வெளிவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டபோது பிரஷரின் மேல் அளவு (152/96 என்றால் அந்த 152) சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. நான் கேட்பது ஒரு பெரிய பட்டை. சுமாரான ஒரு புடவை விலைதான் இருக்கும்.

டாக்டர்கள் எழுதுவதும் எப்போதும் ஒன்றுதான்: "எடையைக் குறைக்கவும்." வாயைக் கட்டும்மா என்பார்கள். ஐயா, ஒன்பது வருடமாக உங்கள் மருந்தகம்தான் எனக்கு வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் தருகிறது. பசியைக் கூட்டி எடையை ஏற்றும் மாத்திரை அது. வலிப்பு நின்றது, அதற்கு நன்றி. ஆனால் ஏறிய எடைக்கு என் நாக்கு மட்டுமா குற்றவாளி? ஒருமுறை பட்டினி மாதிரி கிடந்து 14 கிலோ குறைத்தேன். இரண்டு வருடத்தில் 16 கிலோ ஏறியது. இளைத்த உடம்பு பசியைக் கூட்டும், சக்தியைச் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்ளும். இது என் சோம்பேறித்தனம் அல்ல, உடம்பின் வேலை என்று இங்கே ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் ஷேர் ஆட்டோக்காரர்: "அக்கா, ரெண்டு சீட்டுக்குக் காசு குடுங்க."

ஊரே வைத்தியர்தான். கொள்ளு, சுடுதண்ணீர், பஸ் ஸ்டாண்டு சுவரில் முப்பது நாளில் பத்து கிலோ. கல்யாண வீட்டில் என் இலையில் விழுவதை எண்ணுகிறவர்கள் தனி. சரி, அதெல்லாம் உங்கள் பொறுப்பு இல்லை. ஆனால் எடை மெஷினை நடைபாதையில் வைத்து, ஏலம் போடுகிற மாதிரி "தொண்ணூத்தெட்டு!" என்று கூவுவது உங்கள் பொறுப்புதான். என் கடையில் இடுப்பளவை நான் வாய்விட்டுப் படிக்க மாட்டேன். நோட்டில் குறித்துக்கொள்வேன். அந்தக் கூவலுக்குப் பயந்தே போன வருடம் ஏழு மாதம் நான் உங்கள் பக்கம் வரவில்லை.

எங்களைப் போன்றவர்கள் அபூர்வமும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அளவுக்கு மேல். இத்தனை பேருக்கும் ஒரே பட்டை என்றால் எப்படி ஐயா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒரு பெரிய பட்டை வாங்கி வையுங்கள். முடிந்தால் எடை மெஷினுக்கு ஒரு திரை. திரையை நானே தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஓபி வரிசையில் நிற்கும் ஒரு தையற்காரி
(மேல்கை 41 செ.மீ., வாங்கும்போது உதவும்)