மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஃப்ளூயிட் ஊற்றியது குறித்து: ஆறாவது புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

என் மவுண்டன் பைக் (மலைப்பாதை சைக்கிள்) பிரேக்கில் மினரல் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில், உங்கள் சர்வீஸ் சென்டர் டாட் ஃப்ளூயிட் என்ற வேறு வகை பிரேக் திரவத்தை ஊற்றிவிட்டது. இதே விஷயத்தை ஐந்து தடவை எழுதியாகிவிட்டது. ஐந்து தடவையும் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில், ஒரு எழுத்துகூட மாறாமல். அதனால் இந்த முறை நீளமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து ஒரு மனிதர் உட்கார்ந்து முழுசாகப் படிக்கட்டும்.

முதலில் உங்கள் தொலைபேசிப் பிரிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. போன செவ்வாய்க்கிழமை 40 நிமிடம் இசை கேட்ட பிறகு ஒருவர் வந்தார். நான் பாதி சொல்லும்போதே, "சார், மலையில ஓட்டினா பிரேக் போகத்தான் செய்யும்" என்றார். மவுண்டன் பைக்கை வேறு எங்கே ஓட்டுவது, மொட்டை மாடியிலா? வண்டி வந்த அட்டைப் பெட்டி இன்னும் என் பரண் மேல் இருக்கிறது. அதில் ஒருவர் பாறையிலிருந்து வண்டியோடு பறந்துகொண்டிருக்கிறார். படம் போட்டது நீங்கள்தானே? தொலைபேசியில் பேசியவரின் பெயரைக் கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கு சார்" என்று வைத்துவிட்டார்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். உங்கள் சர்வீஸ் சென்டரில் இரண்டு பிரேக்கையும் ப்ளீட் செய்து, அதாவது பழைய எண்ணெயையும் காற்றையும் வெளியேற்றி, புது எண்ணெய் நிரப்பினார்கள். ஜாப் கார்டு இருக்கிறது. அதன் பிறகு மூன்று வாரம் சமதளத்தில் கொஞ்சம் ஓட்டினேன், குறை எதுவும் தெரியவில்லை. அப்புறம்தான் நான் வழக்கமாகப் போகும் மலைச் சுற்றுக்குப் போனேன். 31 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் பாதி மரமே இல்லாத மேட்டுநிலம்: முட்டளவு புதர், எதிர்க்காற்று, சக்கரம் புதைகிற கறுப்பு ஈரமண். மறுபாதி காட்டுக்குள் இறக்கம். அந்தப் பாதை ஓரளவாவது காய்ந்து கிடப்பது வருஷத்தில் சில வாரங்கள்தான். அதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

ஏற்றத்தில் வண்டி நகரவே இல்லை. கடைசி கியருக்கு வந்தும் மூச்சு முட்டியது. என்னடா இது, உடம்பு இவ்வளவு கெட்டுப்போச்சா என்று என்னையே திட்டிக்கொண்டு மிதித்தேன். மேலே போய் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தால், அரைச்சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் பேட் இரண்டும் சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருந்தன. லீவரை அழுத்தி விட்டால், தூக்கத்திலிருந்து எழுந்து வருகிற மாதிரி ஆடி அசைந்து திரும்பியது. இரண்டு மணி நேரம் நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறேன்!

திரும்பினாலும் அதே தூரம்தான், அதனால் காட்டுக்குள் இறங்கினேன். ஈர வேர் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது, வேர் வரும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைப்பதற்காகப் பிடித்தபோது பின் பிரேக் லீவர் நேராக வந்து கைப்பிடியில் முட்டியது. உள்ளே ஒன்றுமே இல்லை. முன்னதை அழுத்தினால் தலைகுப்புறப் போவேன் என்று புதருக்குள் வண்டியைத் திருப்பினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் போயிற்று. அதன் பிறகு, சுற்றாத சக்கரத்தோடு 7 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். அந்த ஒரு நாளில் என் ஆயுளில் பத்து வருஷம் போய்விட்டது. அதற்கு நீங்கள் என்ன இழப்பீடு தருவீர்கள்?

வீட்டுக்கு வந்து பார்த்தால், பின் காலிப்பருக்குக் (பேட்களை அழுத்தும் பாகம்) கீழே ஃபிரேமில் பெயின்ட் கொப்பளித்து, நகத்தால் சுரண்டினால் தோலாக உரிந்து வந்தது. மினரல் ஆயில் பெயின்ட்டை அப்படித் தின்னாது. காலிப்பரில் கசிந்திருந்ததைத் தொட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் சொட்டுவிட்டேன். சர்க்கரை மாதிரி கரைந்துபோனது. என்னிடம் இருந்த மினரல் ஆயிலை இன்னொரு டம்ளரில் விட்டேன். அது மேலே மிதந்தது. இதற்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டுமா? லீவர் மூடியில் "மினரல் ஆயில் மட்டும்" என்று செதுக்கியிருப்பது உங்கள் தொழிற்சாலை. அதைத் திறந்து டாட் ஃப்ளூயிட் ஊற்றியது உங்கள் சர்வீஸ் சென்டர்.

இதை உங்கள் கவுண்டரில் சொன்னபோது என்ன பதில் வந்தது தெரியுமா? "டாட் 4 ஒசத்தி சார், 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது." புதுசாக இருக்கும்போது சரிதான். அது ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய பிறகு அதே தரநிர்ணயத்தில் கணக்கு 155 டிகிரி. அதை விடுங்கள், இங்கே கொதிப்பதா பிரச்சினை? என் பிரேக்கின் ரப்பர் சீல் அந்தத் திரவத்துக்குச் செய்ததே இல்லை. அது கெட்டதால்தான் முன்னால் பிஸ்டன் இறுகிக்கொண்டது, பின்னால் கசிந்தது. பெட்ரோல் வண்டியில் ஒசத்தியான டீசல் என்று ஊற்றுவீர்களா?

எல்லாவற்றையும்விட அந்தச் சனிக்கிழமை அலைச்சலைத்தான் மறக்க முடியவில்லை. "வண்டி வேண்டாம், பிரேக் செட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வாருங்கள்" என்றது உங்கள் குறுஞ்செய்தி. அந்த மாடலில் பிரேக் எண்ணெய் போகும் ஹோஸ் ஃபிரேமுக்குள்ளே போகிறது, லீவர் பக்கம் அறுக்காமல் வெளியே வராது. இது உங்களுக்குத் தெரியாதா, வடிவமைத்தது நீங்கள்தானே? அறுத்தேன். பையெல்லாம் எண்ணெயாக, இரண்டு பஸ் மாறிப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் பையைக்கூடத் திறக்கவில்லை. "வண்டி இல்லாம எப்படி சார் டெஸ்ட் பண்றது?" குறுஞ்செய்தியைக் காட்டினேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "வாடிக்கையாளர் தானாகவே ஹோஸைக் கழற்றியதால் வாரண்டி செல்லாது" என்று ஒரு தாளை நீட்டினார். கழற்றச் சொன்னதும் நீங்கள், கழற்றியதற்குத் தண்டனை கொடுப்பதும் நீங்கள்.

மறுபடியும் அந்தத் தொலைபேசி ஆள் ஞாபகம் வருகிறது. "கொஞ்சம் மெதுவா ஓட்டியிருக்கலாமே" என்றும் சொன்னார். ஏற்றத்தில் நான் போன வேகத்துக்கு நத்தை முந்தியிருக்கும், ஐயா. அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்று தொடக்கத்தில் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். உங்கள் வண்டி மேல் எனக்குக் குறை இல்லை. நல்ல வண்டி. நாலு வருஷம் அதே சுற்றில் என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது. நான் கேட்பது இவ்வளவுதான்: முன்னும் பின்னும் புது பிரேக் செட், பேட்களும் சேர்த்து, ஏனென்றால் பழையவை கசிந்ததைக் குடித்து வீணாகிவிட்டன. பெயின்ட் போன இடத்தைச் சரிசெய்து தர வேண்டும். அந்த வாரண்டித் தாளை எழுத்துமூலம் ரத்து செய்ய வேண்டும். பத்து நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் ஜாப் கார்டு, குறுஞ்செய்தி, புகைப்படங்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன், அங்கே இழப்பீட்டுக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அதற்கு வேலை வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: அந்தச் சனிக்கிழமை நான் கிளம்பும்போது ஒரு மெக்கானிக் பையன் வாசல் வரை வந்து, "மூடி மேலயே எழுதியிருக்கு சார், நான் அப்பவே சொன்னேன்" என்றான். உங்கள் நிறுவனத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் அவன்தான். அவனை வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள்.