மாத்திரைக்கு முன்னால் தட்டைப் பாருங்கள்: முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் நடத்தும் அனைவருக்கும் வணக்கம். முதியவர்களின் மலச்சிக்கலைப் பற்றியது இந்த மடல்.

என் அம்மாவுக்கு 81 வயது. இரண்டு ஆண்டுகளாக ஓர் இல்லத்தில் இருக்கிறார். போன மாசியில் பார்க்கப் போனபோது சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் காதோடு சொன்னார்: "வெளிக்குப் போய் ஆறு நாளாச்சும்மா." அதற்கு முந்தின நாள்தான் அங்கிருந்து போன் வந்திருந்தது, பாட்டிக்கு வயிற்றுப்போக்கு, மாத்திரை கொடுத்திருக்கிறோம் என்று. மருத்துவரிடம் கூட்டிப்போன பிறகே விஷயம் புரிந்தது. மலம் இறுகிக் குடலை அடைத்துக்கொள்ள, அதன் ஓரமாக நீர் மட்டும் கசிந்திருக்கிறது. அதைப் பேதி என்று நினைத்துவிட்டார்கள். அம்மா பட்ட வேதனையை இன்னொருவர் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல இல்லங்களின் உணவுப் பட்டியல் ஒரே மாதிரிதான்: இட்லி, ரவை உப்புமா, ரசம் சாதம், தயிர் சாதம், இரவில் ரவைக் கஞ்சி அல்லது பிரெட். பல் இல்லாதவர்களுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மலத்தை இளக்கும் நார்ச்சத்து அதில் மிகக் குறைவு. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் தேவை. பட்டை தீட்டிய 100 கிராம் அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அதே அளவு கேழ்வரகில் சுமார் 11 கிராம் இருக்கிறது. கேழ்வரகுக் கூழுக்குப் பல் வேண்டுமா? கீரை மசியல், குழைய வெந்த பாசிப்பயறு, பரங்கிக்காய்க் கூட்டு, நன்றாகப் பழுத்த பப்பாளி, இரவில் ஊறவைத்து மசித்த உலர்திராட்சை, எல்லாமே ஈறாலேயே மென்று விழுங்கக்கூடியவை. கீரைக்கட்டு விலையும் உங்களுக்குத் தெரியும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். வயிறு உப்பி, காற்று சேர்ந்து, "இந்தக் கூழே வேண்டாம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்குப் பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். நாரைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலம் இன்னும் இறுகும். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. அம்மா குடிக்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது: "தண்ணி குடிச்சா ராத்திரி எழுந்திருக்கணும். அந்தப் பொண்ணை எத்தனை தடவைம்மா கூப்பிடுறது?" இதைக் கேட்டு நான் உடைந்துபோனேன். கேட்டால் தருவோம் என்று காத்திருக்காதீர்கள். நீரையும் மோரையும் காலையிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் நீங்களே கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக நீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் அந்த அளவை மீற வேண்டாம். இரவில் கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் வரும் ஓர் ஆளையும் வையுங்கள்.

காலை உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். அந்த அரைமணி நேரத்தில் கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள். கதவைச் சாத்திவிட்டு அவசரப்படுத்தாமல் விடுங்கள். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி. நாலு பேர் இருக்கும் அறையில் பெட்பேனைத் தள்ளிவிட்டு, "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டால் யாருக்குத்தான் வரும்?

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் மலத்தைக் கட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், வரும் மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுங்கள். மலம் இளகக் கொடுக்கும் இசப்கோல் உமியை ஒரு டம்ளர் நிறைய நீரோடுதான் கொடுக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

யார் எந்த நாள் வெளிக்குப் போனார்கள் என்று எழுத, ஆளுக்கு ஒரு பக்கமாக ஒரு நோட்டு போடுங்கள். மூன்று நாள் போகவில்லை என்றால் செவிலியருக்குத் தெரிய வேண்டும். வயிறு வீங்கி வாந்தி எடுத்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அம்மாவுக்கு இப்போது காலையில் கூழ் கிடைக்கிறது, வாரம் மூன்று நாள் கீரை. அடுத்த வாரப் பட்டியலை எழுதும்போது உங்கள் சமையல்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு மகள்