சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்: அந்த மிச்சம் யாரால் வந்தது?

அன்புள்ள சித்தப்பா,

பொங்கலன்று ஃபோனில் நாம் போட்ட சண்டையைச் சித்தி பாதியில் நிறுத்திவிட்டார். நான் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். "1998-ல அமெரிக்க பட்ஜெட்ல மிச்சம் வந்ததுக்கு கிங்ரிச்தான் காரணம், கிளிண்டன் சும்மா பேர் வாங்கிட்டுப் போயிட்டார்" என்றீர்கள். கிளிண்டன் அப்போதைய ஜனாதிபதி, ஜனநாயகக் கட்சி (டெமாக்ரட்); கிங்ரிச் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், எதிரணியான குடியரசுக் கட்சி. 1992-ல் பற்றாக்குறை 29,000 கோடி டாலர். 1998-ல் 6,900 கோடி டாலர் உபரி. ஆனால் கதை 1990-லேயே தொடங்கிவிட்டது.

குடியரசுக் கட்சியின் அப்பா புஷ், புது வரியே கிடையாது என்று அடித்துச் சொல்லி 1988-ல் ஜெயித்தவர். இரண்டே வருஷத்தில் டெமாக்ரட்டுகளோடு உட்கார்ந்து பேசி, உச்ச வருமான வரியை 28 சதவீதத்திலிருந்து 31 ஆக்கினார். அதைவிட முக்கியம், கூடவே வந்த ஒரு விதி. வரியைக் குறைக்க வேண்டுமா, நலத்திட்டத்தைப் பெரிதாக்க வேண்டுமா, தாராளமாகச் செய். ஆனால் அந்தப் பணத்துக்கு வழி எங்கே என்று காட்டு. மளிகைக் கடன் நோட்டு வைத்திருந்த நம் பாட்டிக்கு இது சட்டமில்லாமலே தெரியும். இந்த ஏற்பாட்டைச் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? உங்கள் கிங்ரிச். புஷ் 1992-ல் தோற்றார். வாக்கை மீறியவர் என்ற பேச்சும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்தது 1993 ஆகஸ்ட் 5. உச்ச வரியை 39.6 சதவீதமாக்கும் கிளிண்டனின் பட்ஜெட் பிரதிநிதிகள் சபையில் ஊசலாடியது. பென்சில்வேனியாவின் மார்ஜொரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி முதல்முறை உறுப்பினர். வரியைக் கூட்ட மாட்டேன் என்று வசதியான தொகுதியில் சொல்லி ஓட்டு வாங்கியவர். கிளிண்டனே ஃபோனில் கேட்டுக்கொண்ட பிறகு, கடைசி நேரத்தில் ஆதரித்தார். எதிர்வரிசையில் "பை பை மார்ஜொரி" என்று கோஷம். மசோதா 218-216 என்று தப்பியது. மறுநாள் செனட்டில் 50-50. துணை ஜனாதிபதி அல் கோர் ஓட்டுப் போட்டுத்தான் நிறைவேறியது. இரண்டு சபையிலும் ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட ஆதரிக்கவில்லை. மார்ஜொரி 1994-ல் சீட்டை இழந்தார். மாலை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அவருக்குத்தான் போடுவேன்.

சரி, கிங்ரிச்சுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1995-லிருந்து செலவைப் பிடித்து வைத்ததிலும், பட்ஜெட்டைச் சமன்செய்யக் கிளிண்டனோடு போட்ட 1997 ஒப்பந்தத்திலும் அவர் பங்கு உண்டு. பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு இறங்கியதும் உதவியது.

அப்புறம் யாரும் திட்டமிடாத அதிர்ஷ்டம்: டாட்காம், அதாவது இணைய நிறுவனங்களின் பங்குகள் கண்ட ஏற்றம். பங்குச் சந்தை ஏற ஏற, அந்த லாபத்துக்கான வரி கஜானாவில் கொட்டியது. ஒய்2கே (2000-ம் ஆண்டுத் தேதியால் கம்ப்யூட்டர்கள் குழம்பாமல் திருத்தும்) வேலைக்கென்று 1997-ல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன நீங்களும் இந்தக் கணக்கில் வருகிறீர்கள்! முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "பாதியைப் பிடிச்சுட்டாங்கடா" என்று எஸ்டிடி போட்டு அப்பாவிடம் புலம்பியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மகன் புஷ் 2001-ல் வரியைக் குறைத்தார். டாட்காம் குமிழும் வெடித்திருந்தது. 2002-ல் மறுபடியும் பற்றாக்குறை. அப்பா புஷ் கொண்டுவந்த அந்த விதியும் அதே வருஷம் காலாவதியானது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். பரணில் உங்கள் 1998 வரிக் கணக்கு இருந்தால் எடுத்து வையுங்கள். அந்த 6,900 கோடியில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்