இருமுகிற ரெக்ரூட்டுக்கு ஓர் உத்தரவாதம் கொடுங்கள்

ஆயுதப்படை மருத்துவப் பணிகளின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், பயிற்சி மையங்களின் கமாண்டன்ட்களுக்கும்,

வணக்கம். ராணுவ மருத்துவப் படையில் நர்ஸிங் அசிஸ்டண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வேலூர்ப் பக்கம், அக்னிவீர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த மடல். விஷயம் காசநோய், அதாவது டிபி.

எம்.ஐ. ரூமில், அதாவது படைப்பிரிவின் மருத்துவ அறையில், வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ரெக்ரூட் (பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்தவன்) இருமலைச் சொல்ல மாட்டான். உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போட்டால், பயிற்சி தரும் உஸ்தாத் ‘நடிக்கிறான்’ என்பார். பயிற்சி நாட்கள் தவறினால் அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள். டிபி என்று வந்துவிட்டால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் பக்கத்துக் கட்டில்காரனிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலையில் பி.டி.க்கு ஓடுவான். எடை குறைந்தாலும் யாரும் சந்தேகப்படுவதில்லை, பயிற்சியில் எல்லாருமேதானே இளைக்கிறார்கள். களைப்பும் அப்படித்தான். நோயின் அடையாளங்களை எல்லாம் பயிற்சியே மறைத்துவிடுகிறது. மிஞ்சுவது இருமல் ஒன்றுதான், அதையும் பையன் மறைக்கிறான்.

2022இல் அக்னிவீர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் வந்தபின் இந்தப் பயம் கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன். பணிக்காலம் மொத்தம் நான்கு ஆண்டுகள், பயிற்சியும் அதற்குள் அடக்கம். முடிவில் நிரந்தரமாகத் தங்க முடிவது அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான். டிபி மருந்தோ வழக்கமாக ஆறு மாதம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற பையன் வாயைத் திறப்பானா?

சேரும்போதே மார்பு எக்ஸ்ரே எடுக்கிறோமே என்பீர்கள். சரி, எடுக்கிறீர்கள். ஆனால் கிருமி உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருப்பவனின் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அது வாழ்நாளில் நோயாக மாறுகிறது, அதிலும் பெரும்பகுதி தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். எடைக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்கக் கடற்படை லட்சக்கணக்கான ரெக்ரூட்களுக்குத் தொற்று உண்டா என்று காட்டும் தோல் பரிசோதனை செய்து, உயரம் எடையையும் குறித்துவைத்துப் பின்தொடர்ந்தது. தொற்று இருந்தவர்களுக்குள்ளேயே, உயரத்துக்கேற்ற எடை மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு நோய் வந்தது எடை கூடியவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் நேரம் குறைய வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விடும் பையன்களை நான் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறேன். (கேட்பதில்லை.)

அதே கடற்படையில் அறுபதுகளின் நடுவில் ரிச்சர்ட் பைர்ட் என்ற கப்பலில் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாலுமியின் நோய் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று பரவியது. அவரோடு ஒரே அறையில் படுக்காதவர்களுக்கும்கூட, கப்பலின் காற்றோட்டக் குழாய் வழியே போயிருந்தது. நாம் படுக்கும் பேரக்கில் (படைவீரர் தங்கும் கூடம்) அப்படிக் குழாய் கிடையாது. ஆனால் வடக்கே டிசம்பர் குளிரில் ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு வரிசையாகப் படுத்திருப்போமே, அங்கே காற்று எங்கே போகும்?

இன்னொரு பாடம் சென்னையிலேயே இருக்கிறது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், மருத்துவமனையில் படுக்கவைத்து மருந்து கொடுப்பதையும் வீட்டிலேயே கொடுப்பதையும் ஒப்பிட்டது. வீட்டில் மருந்து எடுத்தவர்களும் நன்றாகவே குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. ஆபத்து மருந்து சாப்பிடுகிறவனிடம் இல்லை, இன்னும் கண்டுபிடிக்கப்படாதவனிடம்தான். அவனைப் பேசவைக்காமல் எந்தக் கருவி வாங்கினாலும் பிரயோஜனம் குறைவு.

ஆகவே நான் கேட்பது முதலில் ஓர் உத்தரவு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவன் தானே வந்து சொன்னால் அவன் இடம் போகாது. சிகிச்சைக் காலம் நான்கு ஆண்டுக் கணக்கில் கழியாது. குணமாகித் தகுதி பெற்றபின் நிரந்தரத் தேர்வில் அது அவனுக்கு எதிராக எண்ணப்படாது. இதை எழுத்தில் கொடுங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே ரோல் காலில், அவனவன் மொழியில் படித்துக் காட்டுங்கள். இந்தியில் மட்டும் சொன்னால் எங்கள் பையன்களுக்குப் பாதிதான் போய்ச் சேரும். உஸ்தாத்களுக்கும் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் எம்.ஐ. ரூம் கதவு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அப்புறம், வந்து சேரும் ஒவ்வொரு பேட்சுக்கும் மறைந்த தொற்றுக்கான தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்யலாம். தொற்று இருந்து நோய் இல்லை என்று உறுதியானால், வாரம் ஒருமுறை என்று 12 வாரத்தில் முடிகிற தடுப்பு மருந்து இருக்கிறது. பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பையன்கள் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். யாருக்காவது நோயே உறுதியானால் அவன் மாவட்டக் காசநோய் அலுவலருக்கும் தகவல் போகட்டும். வீட்டிலும் யாராவது இருமிக்கொண்டிருக்கக்கூடும்.

அடுத்த பேட்ச் மையத்துக்குள் நுழைவதற்கு முன் அந்த உத்தரவு வர வேண்டும். வந்தால் ஒரு நகல் எங்களுக்கும் கிடைக்கச் செய்யுங்கள். மைதானத்திலேயே பையன்களுக்குப் படித்துக் காட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்ஸிங் அசிஸ்டண்ட்,
வேலூர் மாவட்டம்