சனிக்கிழமை களத்துக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பேஸ்பால் ஆட்டத்தில் துணையாக நிற்பதற்கு அங்கே ஒஹையோவில் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று நீ சொன்னதைக் கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "அங்கே நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால், ஆறு வருடங்களாகத் தம்பியின் ஆட்டங்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தம்பி ஆடும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான மிராக்கிள் லீக் என்ற பேஸ்பால் அமைப்பு நம் ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்குக் கிழக்கே உள்ள கான்யர்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தது என்பது உனக்குத் தெரியும். 1997இல், தன் தம்பியின் ஆட்டங்களைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் தவறாமல் வந்துகொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனை, நீயும் வந்து ஆடு என்று ஒரு பயிற்சியாளர் களத்துக்குள் அழைத்திருக்கிறார். அடுத்த ஆண்டிலேயே 35 பிள்ளைகளும் நான்கு அணிகளும் சேர்ந்துவிட்டன. புல்லிலும் மண்ணிலும் சக்கரங்களும், பிடித்து நடக்க உதவும் வாக்கர்களும் சிக்கிக்கொண்டதால், ஓடுபவர்கள் தொடவேண்டிய பேஸ்கள்கூடத் தரையோடு தரையாக இருக்கும்படி ரப்பர் பரப்பிய களம் ஒன்றை அமைத்து, 2000 ஏப்ரலில் அதில் ஆடத் தொடங்கினார்கள். நீ போகவிருப்பது லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் சேலஞ்சர் பிரிவு. அது 1989லேயே தொடங்கியது. அங்கேயும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணை நிற்பதுண்டு.

மிராக்கிள் லீக்கின் விதிகளைச் சற்று யோசித்துப் பார். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு முறை பந்தை அடிப்பார்கள். யாரும் அவுட் ஆவதில்லை. கடைசியாக அடிப்பவருக்கு ஹோம் ரன், அதாவது எல்லா பேஸ்களையும் ஒரே அடியில் சுற்றிவரும் ஓட்டம், அதோடு அத்தனை பேரும் ஓட்டத்தை முடித்துவிடுவார்கள். தோல்வி என்பதையே விதி எடுத்துவிட்ட பிறகு, அந்தப் பிள்ளைக்கென்று மிஞ்சுவது பந்தை அடிப்பதும் பேஸைச் சென்று தொடுவதும் மட்டுமே. அதையும் துணையாக நிற்பவர் தன் கையில் எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை. நான் உனக்குச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதை ஒட்டி வருவது.

முதல் பருவத்தில் தம்பிக்கு நீதான் துணையாக நின்றாய். உனக்குப் பதினான்கு வயது. அவன்மீது உனக்கிருந்த பாசம் முழுவதும் உன் கைகளுக்கு வந்துவிடும். அவன் பேட்டைத் தூக்குவதற்குள் நீயே அவன் கைமேல் கை வைத்து அடித்துவிடுவாய், பந்தும் வெகுதூரம் போகும், நாங்களும் கைதட்டுவோம். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், "அடித்தது அக்கா" என்று அவன் சொன்னதை நீ காரின் முன் இருக்கையில் இருந்ததால் கேட்டிருக்க மாட்டாய். மறு பருவம் வேறு பையனைத் துணையாகப் போடச் சொல்லிக் கேட்டது நான்தான். அன்றைக்கு நீ அழுதாய். காரணத்தை உனக்கு அப்போதே நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது என் தவறு.

அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். முதல் நாள், பந்தை வைத்து அடிப்பதற்கான தாங்கிக் கம்பத்தின் மேல் பந்து இருந்தது. தம்பி வாக்கரை விட்டுவிட்டு இடுப்புப் பட்டையின் பிடிப்பில் நின்றான். பையன் பின்பக்கம் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தன் தொடைமேலேயே வைத்திருந்தான். தம்பியின் விரல்கள் பேட்டின் பிடியில் ஒவ்வொன்றாக மடங்கின. சுண்டுவிரல் மட்டும் வெளியே நின்று, பிறகு மெல்ல உள்ளே வந்தது. நான் மனசுக்குள் நாற்பது வரை எண்ணிவிட்டேன். அந்த நேரம் முழுதும் பையனின் கை தொடையைவிட்டு எழவே இல்லை. முதல் வீச்சு தாங்கியில் பட்டது, இரண்டாவதில் பந்து இரண்டு முழம் உருண்டது. அன்றிரவு அந்த இரண்டு முழத்தைத் தம்பி அப்பாவிடம் நான்கு முறை கையால் அளந்து காட்டினான்.

சும்மா நிற்பதுதான் துணையின் வேலை என்று இதை எடுத்துக்கொண்டுவிடாதே. பேட் வீசும்போது அதன் வட்டத்துக்கு வெளியே நில். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டிருக்கிறதா என்று முதலில் பார். களத்தில் பந்து பிடிக்க நிற்கும்போது, அடித்த பந்து வரும் திசைக்கும் பிள்ளைக்கும் நடுவில் உன் உடம்பு இருக்கவேண்டும். அங்கே ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது. நாற்காலியைத் தள்ளுவதற்கு முன் அந்தப் பிள்ளையிடமே கேள், பேச்சு வராத பிள்ளையாக இருந்தாலும் கேட்டுவிட்டுப் பதிலுக்கு அதன் முகத்தைப் பார். கைதட்டலும் ஒலிபெருக்கியும் சில பிள்ளைகளுக்குத் தாங்காது. காதைப் பொத்தினால் ஓரமாக அழைத்துப்போய் உட்கார், ஆட்டம் காத்திருக்கும். பெற்றவர்களிடம் பேசுவதானால் ஆட்டம் முடிந்த பிறகு பேசு. வாரம் முழுதும் மருந்து, பயிற்சி, பள்ளிக் கூட்டம் என்று ஓடும் அவர்களுக்கு, யாரோ ஒருவர் பிள்ளையின் அருகில் நிற்கிறார் என்பதால் கிடைக்கும் ஒரு மணி நேரம் அது. அந்த ஒரு மணி நேரத்தின் அருமையை நான் அறிவேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நான்காவது பருவத்தில் தம்பிக்குத் துணையாக வந்தவர் இரண்டு வாரம் வந்துவிட்டுப் பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டார். வேறொருவர் உடனே கிடைத்தார், ஆட்டம் நிற்கவில்லை. ஆனால் பெஞ்சில் தன் பக்கத்து இடத்தில் கையுறையை வைத்து, அந்தப் பருவம் முடியும் வரை தம்பி இடம் பிடித்து வைத்திருந்தான். உனக்குத் தேர்வு வரும், காய்ச்சல் வரும். வரமுடியாத நாளில் முன்கூட்டியே சொல்லிவிடு, அந்தப் பிள்ளைக்கும் தகவல் போய்ச் சேரும்படி சொல்.

தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள். நீ பேஸ்பால் களத்துக்குப் போவதைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். முதல் நாள் உன்னுடன் ஆடப்போகிறவர் எந்தக் கையால் அடிப்பார் என்று அவனுக்குத் தெரியவேண்டுமாம். ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூப்பிடு, எட்டு மணி வரை விழித்திருப்பான்.

அன்புடன்,
அம்மா